மலைக்குப் போய் மாலையில் திரும்புதல்

தேவ்நாரில் வசிக்கிறவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இரண்டு மலைகள் உண்டு. ஒன்று, தாணேக் கழிமுகத்தின் சதுப்பு நிலத்தில், நூறாண்டுகளுக்கு மேலாகப் பம்பாய் நகரத்தார் கழித்துக் கொட்டிய குப்பையினாலேயே உயர்ந்தது. மற்றொன்று, மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்திருக்கும் சில காலைகளில், மாடியில் நின்று கிழக்கே நோக்கினால், நீலக் கோடாக எழுந்து நிற்கும் சஹ்யாத்ரித் தொடர். இரண்டுக்குமே ரயிலோடு சம்பந்தம் உண்டு. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் பற்றிக்கொண்டு ஜனங்கள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கியபோது, நகரின் அசுத்தத்தைத் தீவுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே க்ஷேமம் என்று நிச்சயித்த நகரசபை, தேவ்நாரின் சதுப்பு நிலத்தை விலைக்கு வாங்கி, 1899 ஜூன் மாதத்திலிருந்து அங்கே குப்பை ரயிலை ஓட்டலாயிற்று. பக்கத்திலுள்ள செம்பூருக்குப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது அதற்குக் கால் நூற்றாண்டு பிந்தி, 1924இல்தான். மனிதர் வருவதற்கு முன் குப்பைக்காக ரயில் வந்த ஊர் இது. இவ்வூரில் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாளில் அதே தண்டவாளத்தின் மறுகோடியில் இருக்கும் பச்சை மலையை நாடிப் போகிறவர்களுடைய வழக்கத்தின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

காலையில் ரயிலேறி, பகலெல்லாம் மலையில் திரிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது என்பது மனிதகுலத்துக்கு மிகப் புதிய சுகம். நம் முன்னோர் மலைக்குப் போனது தெய்வ தரிசனத்துக்காக. போனால் திரும்ப நாளாகும், சில சமயம் திரும்பாமலும் போவார்கள். ஒரே நாளில் போய்வருவதை ஓர் ஏற்பாடாக்கிக் காட்டியவர் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர். மதுவிலக்குப் பிரசாரகரான அவர், 1841 ஜூலை 5ஆம் தேதி, லெஸ்டர் நகரிலிருந்து பதினோரு மைல் தூரத்திலுள்ள லஃப்பரோவில் நடந்த ஒரு கூட்டத்துக்குச் சுமார் ஐந்நூறு பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம், தனி ரயிலில் அழைத்துக்கொண்டு போய் அன்றே திருப்பி அழைத்து வந்தார். அவரே 1863ஆம் ஆண்டுக் கோடையில் முதல் கோஷ்டியை ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டிச் சென்றார். எட்டு வருஷம் கழித்து, 1871இல், ரிகி என்ற சிகரத்தின்மேல் பல்சக்கர ரயில் ஏறிற்று. மலையைப் பார்ப்பதற்கென்றே ரயில், ரயிலைப் பிடிப்பதற்கேற்ற ஏரிப் படகு, படகுக்கேற்ற மணிக்கணக்கு என்று அந்த ஆல்ப்ஸ் நாடு ஒரு தேசத்தையே உல்லாசப் பிரயாணத்துக்காக ஒழுங்குபடுத்திக்கொண்டது அதற்குப் பிற்பட்ட கதை.

தாமஸ் குக்கின் கோஷ்டி ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கோவேறு கழுதைமீதும் கால்நடையாகவும் ஏறிக்கொண்டிருந்த அதே 1863இல், அதற்கு இரண்டு மாதம் முந்தியே, நம் சஹ்யாத்ரியின்மேல் அகலப்பாதை ரயில் ஏறிவிட்டது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஏப்ரல் 21ஆம் தேதி, கவர்னர் ஸர் பார்ட்டில் ஃப்ரீயர் போர் காட் என்ற கணவாய்ப் பாதையைத் திறந்துவைத்தார். வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக அல்ல அந்தப் பாதை. தக்காணத்தின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி மாட்டின் முதுகிலும் வண்டியிலும் கணவாய் இறங்கித் துறைமுகம் சேர்வதற்குள் பாதி வீணாகிறது என்ற வர்த்தகர்களுடைய முறையீடுதான் அதற்கு வித்து. பம்பாயிலிருந்து தாணேக்கு 1853இல் முதல் வண்டி ஓடி, 1856இல் மலையடிவாரத்துக் கோப்போலிவரை பாதை எட்டியபின், பிரயாணிகள் அங்கே இறங்கிப் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையேறி, மேலே கண்டாலாவில் மறுபடி ரயில் பிடித்தார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பியதன் விருத்தாந்தம் எளிதில் மறக்கத் தகாதது. பிரதம இஞ்சினீயரான ஜேம்ஸ் பெர்க்லி வகுத்த பாதை சுமார் 16 மைல் நீளத்தில் 1,831 அடி ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடி போனால் 1 அடி உயரம். 25 சுரங்கங்கள். பாறையின் முகத்தில் நிற்க இடமில்லாத இடங்களில், மேலேயிருந்து கயிற்றில் தொங்கவிடப்பட்ட ஆட்கள் உளி கொண்டு குழி துளைத்து, வெடிமருந்து வைத்து, மேலே இழுக்கப்படுவதற்காகக் காத்திருந்தார்கள். 1861இல் ஒரே சமயத்தில் 42,000 பேர் வேலை செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. காலராவும் ஜுரமும் அந்தக் கூடாரங்களில் புகுந்து வாரிக்கொண்டு போன உயிர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. முதல் காண்டிராக்டரான ஃபேவியலின் காலத்தில், 1859 ஆரம்பத்தில், கூலிப் பாக்கியின் பொருட்டுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தார்கள், அவர் விலகினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் கப்பலிறங்கி வேலையை ஏற்ற சாலமன் டிரெட்வெல் சில வாரங்களுக்குள்ளேயே நோய்ப்பட்டு இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஊருக்குத் திரும்பிப் போகாமல், கணவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, நம்பகமான இரண்டு மேலாளர்களைக் கொண்டு அதை முடித்தே கொடுத்தார். மலையை வென்றவர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால், பெயரில்லாத அந்த ஆயிரக்கணக்கான ஆண் பெண்களையும், அவர்களுக்குப் பின்னால் இந்த ஒரு விதவையையும் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பாதையின் நடுவே ஓர் இடத்தில் மலைமுகடு மிகக் குறுகலாக இருந்தபடியால், வண்டி வளைந்து திரும்ப இடமில்லை. ஆகவே வண்டி ஒரு முனைவரை போய் நின்று, இஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டி, பின்னோக்கி வேறு பாதையில் ஏறும். இதற்குப் புரட்டு நிலையம் என்று பெயர் வைக்கலாம். 1929இல் புதுப் பாதை போட்டபின் அது கைவிடப்பட்டது.

தமிழர்களாகிய நமக்குப் போர் காட்டோடு ஒரு தனிப் பந்தம் உண்டு. பம்பாயிலிருந்து தென்கிழக்காக இறங்கிய பாதையும் சென்னையிலிருந்து வடமேற்காக ஏறிய பாதையும் 1871இல் ராய்ச்சூரில் கைகோத்தன. அன்றுமுதல், மாதுங்காவின் குமாஸ்தாக்களாகட்டும், தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வந்த திருநெல்வேலிச் சீமைத் தொழிலாளிகளாகட்டும், பம்பாய்க்கு ரயிலேறிய தமிழர் பெரும்பாலோர் இந்த மலையை இறங்கியே வந்தார்கள். என் தகப்பனார் மெட்ராஸ் மெயிலில் முதன்முதலாக வந்ததைச் சொல்லும்போது, வேலையைப்பற்றியோ வாடகையைப்பற்றியோ அல்ல, இந்த மலையைப்பற்றியே முதலில் சொல்வார். இரண்டு இரவுப் பிரயாணத்தில் உடம்பெல்லாம் கரி படிந்து, சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஜன்னல் பலகையை இறக்கி, வெளியே வந்ததும் ஏற்றி, பள்ளத்தாக்கில் மஞ்சு நிறைந்து கிடப்பதை அவர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, எதிரே இருந்த அனுபவஸ்தர் ஒருவர், "மலை இறங்கியாச்சு தம்பி, படுக்கையைச் சுருட்டு" என்றாராம். மலையடிவாரத்துக் கர்ஜத் வந்தால் படுக்கையைச் சுருட்டவேண்டும் என்பது பம்பாய்த் தமிழர்களுக்குள் வெகுகாலம் ஒரு விதியாகவே இருந்தது. ஐரோப்பியர் மலையைப் பார்ப்பதற்காக ரயிலேறினார்கள். நாமோ பிழைப்பைத் தேடி ரயிலேறி, வழியில் மலையைக் கண்டோம். பிறகு கையில் நாலு காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்தபோது, அன்று ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்ததை இறங்கிப் பார்க்கலாம் என்று திரும்பிப் போனோம். நம்மவருடைய லோணாவளாப் பயணங்களும் கண்டாலாப் பயணங்களும் இப்படித்தான் பிறந்தன.

மலையேறுகிற வண்டிகளில் பெரும்பாலானவை இன்றும் கர்ஜத்தில் நின்றே ஆகவேண்டும். பின்னாலிருந்து தள்ளுவதற்கு உதவி இஞ்சின்களை அங்கேதான் கோப்பார்கள். அந்தச் சில நிமிஷத்தில்தான் கர்ஜத்தின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வடை ஜன்னல் ஜன்னலாக விற்றுப்போகிறது. பொரித்த சூடு ஆறாத வடையைக் காகிதத்தோடு உள்ளங்கையில் வாங்கி, வறுத்த பச்சைமிளகாயை ஓரத்தில் ஒதுக்கி, முதல் கடி கடிப்பதற்கும், பின்னாலிருந்து ஒரு மெல்லிய முட்டு வந்து பெட்டி அசைவதற்கும் சரியாக இருக்கும். மேலே லோணாவளாவில் இறங்கினால் சிக்கி. பாதை போட்ட தொழிலாளிகளுக்கு வெல்லமும் நிலக்கடலையும் கலந்து விற்றதிலிருந்து அது தொடங்கியதாகச் சொல்லுவார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் உடன்பிறப்பு என்று நாக்கே சொல்லிவிடும்.

ஆல்ப்ஸ் நாட்டுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு உவமானத்தோடு நின்றுவிடவில்லை. மின்சார ரயில் இந்தக் கணவாயில் ஏறவேண்டும் என்று தீர்மானித்த, இந்தப் பாதையை நடத்திவந்த ஜி.ஐ.பி. ரயில்வேயார், கனமான சரக்கு வண்டிகளை இழுப்பதற்கு வேண்டிய இஞ்சின்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையை நாடினார்கள். காட்ஹார்ட் கணவாயில் ஓடிய, முதலை என்று பெயர்பெற்ற இஞ்சின்களைச் செய்த அதே தொழிற்சாலைதான். 1928இலிருந்து வந்திறங்கிய அந்த இஞ்சின்கள், முன்னும் பின்னும் நீண்ட மூக்கும், நடுவில் உயர்ந்த கூண்டும், சக்கரங்களைப் பக்கவாட்டில் பிணைத்துச் சுழற்றும் இரும்புத் தண்டுகளுமாக இருந்தன. ஸ்விஸ்காரருக்கு முதலையாகத் தோன்றியது நம்மூர் ரயில்வேத் தொழிலாளிகளுக்கு நண்டாகத் தோன்றிற்று. கேக்டா என்று மராட்டியில் பெயரிட்டு அழைத்தார்கள். முதல் இஞ்சினுக்குக் கவர்னர் ஸர் லெஸ்லி வில்ஸனின் பெயர் சூட்டப்பட்டிருந்தபோதிலும், தொழிலாளிகள் வாயில் நிலைத்தது கேக்டாதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நம் நீலகிரி ரயிலின் பல்சக்கர நீராவி இஞ்சின்களில் பலவும் விண்டர்தூரில் பிறந்தவை. ரிகி மலைக்குப் பல்சக்கரப் பாதை அமைத்த ரிகன்பாக் என்பவரே 1880களில் நீலகிரிப் பாதைக்கு மதிப்பீடு கொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடல் கடந்து அங்கே போகாத தமிழனும் அந்நாட்டார் கைவேலையின் பின்னால் உட்கார்ந்து மலையேறியிருக்கிறான் என்பது விளங்கும்.

மின்சாரம் வந்ததும் 1930 ஜூன் 1ஆம் தேதி டெக்கான் குவீன் என்ற வண்டி புனாவுக்குப் புறப்பட்டது. புனாவின் குதிரைப் பந்தயத்துக்குப் போகிற சீமான்களுக்கான வார இறுதி வண்டியாகவே அது தொடங்கியது. அதன் பெட்டிகளுடைய அடிச்சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்தாலும், மேற்கட்டு முழுவதும் நம் மாதுங்காத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் வர்த்தகத்துக்கும் உத்தியோகத்துக்கும் போட்ட பாதையில் உல்லாசம் ஒட்டிக்கொண்ட கதை. மலையை அனுபவிப்பதற்கென்றே, அதுவும் ஓர் இந்தியர் தம் குடும்பப் பணத்தைக் கொட்டிப் போட்ட பாதை ஒன்று உண்டு. அதுதான் நேரலிலிருந்து மாதேரானுக்கு ஏறும் சிறு ரயில். மாதேரான் என்ற சொல்லுக்குத் தலைமேல் காடு என்று பொருள் சொல்வார்கள். பெயருக்கேற்ப, சுமார் 2,600 அடி உயரத்தில், சமதளமான உச்சி முழுவதும் மரம் அடர்ந்து கிடக்கிறது. தங்கரும் தாக்குரும் காத்கரியும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த அந்தக் காட்டை, தாணே ஜில்லாக் கலெக்டரான ஹியூ மாலெட் 1850 மே மாதத்தில் சௌக் கிராமத்தின் பக்கமாக ஏறிக் கண்டார். கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். வெள்ளைக்காரர்களுக்குத் தெரியப்படுத்தினார் என்பதே நியாயம். பின்னர் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு அங்கே வாசஸ்தலம் அமைய ஆதரவு தந்தார். நேரல்வரை ரயில், அதன்மேல் மட்டக்குதிரை, பல்லக்கு, அல்லது கால். அரைநூற்றாண்டு அப்படியே நடந்தது. ஒரே நாளில் போய்த் திரும்புவதைப்பற்றி அக்காலத்தில் யாராலும் நினைக்கவும் முடியவில்லை.

ஸர் ஆதம்ஜி பீர்பாய் பம்பாயின் போரா முஸ்லிம் வணிகர். சிறு வயதில் தெருவில் தீப்பெட்டி விற்று, பிறகு ராணுவத்துக்குக் கூடாரமும் உடுப்பும் அளித்துப் பெருஞ்செல்வம் திரட்டியவர். நகரின் ஷெரீஃப் பதவியும் வகித்தவர். மாதேரானுக்கு அடிக்கடி போய்வந்த அவருக்கு, இந்தச் சிரமம் எல்லோருக்கும் நீங்கவேண்டும் என்று தோன்றிற்று. அவருடைய குமாரர் அப்துல் ஹுசேன் அந்தக் காரியத்தைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1904இல் தொடங்கி, 16 லக்ஷ ரூபாய் செலவில், 1907 மார்ச் 22ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. தண்டவாள அகலம் 2 அடி. நீளம் சுமார் 13 மைல். நேர்க்கோட்டில் பார்த்தால் நேரலுக்கும் மாதேரானுக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் 20 அடிக்கு 1 அடிக்குமேல் ஏறாமல் மலையைத் தடவித் தடவி வளைந்து போவதால் பாதை நீண்டுவிட்டது. நீலகிரியில் உள்ள பல்சக்கரம் இங்கில்லை. பழைய போர் காட் பாதையைப்போலப் பின்னோக்கித் திரும்புவதும் இல்லை. வளைவுகளின் நெருக்கத்துக்கு ஈடுகொடுப்பதற்காக, அச்சு பக்கவாட்டில் அசைந்து கொடுக்கும்படியான நான்கு இஞ்சின்களை ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் கோப்பெல் கம்பெனியில் செய்வித்தார்கள். அவற்றில் ஒன்றை இன்றைக்கும் நேரலில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கறுத்த சிறு உருவத்தின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தால், இதுவா முக்கால் நூற்றாண்டு நகரத்தின் குடும்பங்களைத் தூக்கிச் சுமந்தது என்று தோன்றும்.

நேரல் விட்டால் ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ், மாதேரான். வாட்டர் பைப்பில் அந்நாளில் நீராவி இஞ்சின் தண்ணீர் குடிக்கும். பெயர் அதனால் வந்தது. வழியில் ஒரே ஒரு சுரங்கம், அதுவும் மிகச் சிறியது. இருட்டு ஒரு முத்தம் கொடுக்கும் நேரமே நீடிக்கும் என்று அதற்கு ஒரு முத்தச் சுரங்கம் என்று பெயர். என் சிறு வயதில் எங்கள் பெட்டிக்கு வெளியே, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், ஒரு பிரேக்குக்காரர் உட்கார்ந்திருப்பார். இறக்கத்தில் டிரைவர் ஊதும் விசிலைக் கேட்டு அவர் கைப்பிடிச் சக்கரத்தை முறுக்குவார். வேறொரு மாதிரி ஊதினால் தளர்த்துவார். ஒவ்வொரு பெட்டியிலும் அப்படி ஒருவர். வண்டி முழுவதும் இறங்கியது மனிதர்களுடைய முழங்கை பலத்தால் என்பதை, அவருடைய உள்ளங்கையிலிருந்த காய்ப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மாதேரான் போகிற நாளுக்கு எங்கள் வீட்டில் முதல் நாள் இரவே புளியோதரை கிளறி வைப்பார்கள். தயிர்சாதத்துக்குப் பால் அதிகமாக ஊற்றிப் பிசைந்து, மலையேறுவதற்குள் புளித்துப்போகாதபடி அம்மா கணக்குப் பண்ணுவாள். இருட்டோடு, வீட்டுக்கு அருகிலுள்ள கோவண்டி ஸ்டேஷன். குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறிக் கர்ஜத் லோக்கல். கல்யாண் தாண்டியதும் கூட்டம் குறைந்து ஜன்னல் கிடைக்கும். வயலுக்குப் பின்னால் மலை நெருங்கி வரும். நேரலில் இறங்கியதும் அப்பா டிக்கெட் வரிசைக்கு ஓடுவார். மேலே செம்மண் பாதை. மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லாத ஊர் ஆகையால், குதிரைக் குளம்பும் காலடியும் தவிர வேறு சத்தம் இராது. ஷார்லட் ஏரிக்கரையில் சாப்பாடு. பிற்பகலில் பனோரமா முனை. மாலை வண்டியில் இறங்கி, லோக்கலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி, கோவண்டியில் இறங்கும்போது எல்லோருடைய பாதமும் சிவந்திருக்கும். மறுநாள் காலைவரை அந்தச் செம்மண்ணைக் கழுவ எங்களுக்கு மனம் வராது.

மலை தன் பங்கைக் கேட்காமல் இருப்பதில்லை. 2005 ஜூலைப் பெருமழையில் பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போயிற்று. நூற்றாண்டு நிறைவதற்குச் சில நாள் முன்பாக, 2007 மார்ச்சில், மீண்டும் வண்டி ஓடியது. 2016 மே மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை தடம்புரண்டதால் நிறுத்தப்பட்டது. பெட்டிகளுக்குக் காற்று பிரேக் பொருத்திய பிறகு 2018இல் முழுப்பாதையும் திறந்தது. 2019 மழையில் மறுபடி சிதைந்து, 2022 அக்டோபரில் மறுபடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் இந்த ரயில் இனி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. மாதேரானின் எல்லையிலுள்ள தஸ்தூரி நாகாவரை கார் ரஸ்தா இருக்கிறது. அங்கே விடுமுறை நாளில் நிற்கும் கார்களின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, மலையுச்சியில் காடு மிஞ்சியிருப்பதற்கு அதற்குமேல் காருக்கு உள்ள தடையும் இந்த ரயிலும்தான் காரணம் என்பது புரியும். 2003இல் மத்திய அரசு மாதேரானைச் சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்ததும் அதை உணர்ந்துதான். லாப நஷ்டக் கணக்கைக் காட்டி இந்தப் பாதையை மூடுவது, ஒரு தனி மனிதர் தம் கைப்பணம் 16 லக்ஷத்தைப் போட்டு நமக்கு விட்டுச்சென்ற பொதுச்சொத்தை நாமே அழிப்பதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேவ்நார், செம்பூர் வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் நேரலிலிருந்து வண்டி ஏறாது. அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையில் மட்டும் ஓடும். ஆகையால் நவம்பர் பிறக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, ஒரு சாதாரண நாளில், குழந்தைகளை எழுப்பிக்கொண்டு கோவண்டியில் முதல் வண்டியைப் பிடியுங்கள். நேரலில் இடம் குறைவு, வரிசை நீளம், பொறுமையாக நில்லுங்கள். கார் வைத்திருப்பவர்களும் அன்றைக்கு அதை வீட்டில் விட்டுவிட்டு, ரயிலிலேயே ஏறி ரயிலிலேயே இறங்குங்கள்.